வால்வுச் சாவி நம் கையில் இருக்கும்போதே

மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் நள்ளிரவில் எழுந்துபோய் வால்வு திறப்பவர்களே, பம்ப் ஹவுஸில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களே, பள்ளத்துக்குள் இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்று ஜாயின்ட் போட்டும் இன்னும் தினக்கூலியாகவே வைக்கப்பட்டிருப்பவர்களே! குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்காமல் காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். நம் ஊர்த் தண்ணீர் விநியோகம் தனியார் ஒப்பந்தத்துக்குள் போகிறது. இதுவரை போராடிய முறையிலேயே போராடினால் நாம் தோற்போம். நம் வேலையைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் கொடி பிடித்தால் ஊர் நம்மோடு வராது. ஊருக்குத் தண்ணீர் வரவேண்டும் என்று நாம் முதலில் கொடி பிடித்தால்தான் நம் வேலையும் மிஞ்சும், ஊரின் தண்ணீரும் மிஞ்சும். அதற்கான நேரம் குறைவாகவே இருக்கிறது.

கோவையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாநகராட்சியின் பழைய 60 வார்டுகளுக்கு 24 மணி நேரமும் குடிநீர் தருவதாகச் சொல்லி, பிரான்ஸ் நாட்டு சூயஸ் நிறுவனத்தோடு 2018-இல் ஒப்பந்தம் போட்டார்கள். காலம் 26 ஆண்டுகள். மதிப்பு சுமார் 3,150 கோடி ரூபாய். ஓராண்டு ஆய்வு, நான்காண்டு குழாய் பதிப்பு, மீதி 21 ஆண்டு இயக்கிப் பராமரிப்பது. அந்த வருடம் பிறந்த குழந்தை படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் கட்டிக்கொள்ளும் வயதில்தான் இந்த ஒப்பந்தம் முடியும். அன்றைக்கு எதிர்க்கட்சியாக இருந்த திமுகவும் இடதுசாரிக் கட்சிகளும் பொதுநல அமைப்புகளும் தெருவில் இறங்கின. 2021-இல் ஆட்சி மாறியது. ஒப்பந்தம் அப்படியே இருந்தது. தோழர்களே, இதை ஒரு கட்சியின் மீதான கோபமாகச் சுருக்கிவிடாதீர்கள். ஆட்சி ஐந்து ஆண்டு, ஒப்பந்தம் 26 ஆண்டு. இடையில் முறித்தால் எவ்வளவு இழப்பீடு கேட்பார்களோ என்ற அச்சம் எந்தக் கட்சி நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதன் கையைக் கட்டும். கையெழுத்தாகும் முன்பு ஒரு மாதம் போராடுவதும், கையெழுத்தான பின்பு இருபது வருடம் போராடுவதும் ஒன்றாகிவிடாது.

"தண்ணீர் மாநகராட்சிக்குத்தான் சொந்தம், கட்டணத்தை மாநகராட்சிதான் நிர்ணயிக்கும், நிறுவனம் வெறும் பராமரிப்பு வேலை செய்யும்" என்று அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் இதே நிறுவனம் கோவைக்கு வருவதற்கு இருபது ஆண்டு முன்பே இன்னொரு ஆசிய நகரத்தில் இதே ஏற்பாட்டோடு நுழைந்தது. அங்கும் குழாயும் ஆலையும் அரசுக்கே சொந்தமாக இருந்தன. அங்கும் கட்டணத்தை அரசுதான் நிர்ணயித்தது. அந்த நகரத்தின் கதையை ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் நிதானமாகச் சொல்லுங்கள்.

ஜகார்த்தா. 1997 ஜூன் மாதம், சர்வாதிகாரி சுகார்த்தோ ஆண்ட காலம். நகரை இரண்டாக வெட்டினார்கள். மேற்குப் பகுதி, சூயஸும் சுகார்த்தோவுக்கு நெருக்கமான சலீம் குழுமமும் சேர்ந்த கூட்டணிக்கு. கிழக்குப் பகுதி, லண்டனின் தேம்ஸ் வாட்டரும் சுகார்த்தோவின் மகனும் சேர்ந்த கூட்டணிக்கு. போட்டி ஏலம் கிடையாது. 1998 பிப்ரவரி 1 முதல் 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். அரசுக் குடிநீர் நிறுவனமான பாம் ஜாயாவின் ஊழியர்களில் பெரும்பகுதியினரை அயல்பணி என்ற பெயரில் அந்தக் கம்பெனிகளுக்குக் கீழே தள்ளினார்கள். மூன்றே மாதத்தில், 1998 மே மாதம், மாணவர்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்து சுகார்த்தோ வீழ்ந்தார். நகரம் எரிந்துகொண்டிருந்தபோது வெளிநாட்டு நிர்வாகிகள் விமானம் ஏறிவிட்டார்கள். ஆலைகளை நிறுத்தாமல் ஓடவிட்டவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். பாம் ஜாயா நிர்வாகம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவும் துணிந்தது. கம்பெனிகள் வழக்கு, இழப்பீடு என்று மிரட்டின. அரசு பணிந்தது. சர்வாதிகாரி போனார், அவர் காலத்து ஒப்பந்தம் தங்கிவிட்டது.

அந்த ஒப்பந்தத்துக்குள் இருந்த ஒரு கணக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், தோழர்களே. அதில்தான் எல்லாம் இருக்கிறது. மக்கள் கட்டும் குடிநீர்க் கட்டணம் ஒன்று. அதை ஆளுநர் நிர்ணயிப்பார். கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய தண்ணீர்க் கூலி இன்னொன்று. அது ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, விலைவாசிக்கும் அந்நியச் செலாவணி மதிப்புக்கும் ஏற்ப ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானாக ஏறும். மக்கள் கட்டுவது குறைவாகவும் கம்பெனிக்குப் போகவேண்டியது அதிகமாகவும் இருந்தால், இடைவெளி எங்கே போகும்? அரசு நிறுவனத்தின் கடனாக ஏறும். 1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் இந்தோனேசிய ரூபியாவின் மதிப்பு தரைக்கு வந்தது. மக்களின் கூலி ஏறவில்லை, கட்டணத்தை ஏற்றினால் நகரம் கொதிக்கும். கம்பெனியின் கூலி மட்டும் ஒப்பந்தப்படி மேலே போகவேண்டும். ஆக, கட்டணத்தை அரசே நிர்ணயிப்பது மக்களைக் காப்பாற்றும் வேலி என்று நினைத்தோமே, அதே ஏற்பாடு அரசை மீளாத கடனாளியாக்கும் பொறியாக வேலை செய்தது. பிறகு அந்தக் கடனைக் காட்டியே கட்டணத்தையும் பலமுறை ஏற்றினார்கள்.

சரி, மக்களுக்குத் தண்ணீராவது வந்ததா? 25 ஆண்டு முடிந்தபோது நகரவாசிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குழாய் இணைப்பே இல்லை. குழாயில் போன தண்ணீரில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கசிவிலும் கணக்கில் வராமலும் தொலைந்தது. வடக்கு ஜகார்த்தாவின் கடற்கரையோரக் குடியிருப்புகளில் இன்றும் தள்ளுவண்டிக்காரர் நீல ஜெரிகேன்களை அடுக்கிக்கொண்டு சந்து சந்தாக வருவார். குழாய் இணைப்பு உள்ள பணக்காரர் ஒரு கன மீட்டருக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம் கொடுத்து, மீன் வலை பின்னும் பெண்கள் அதை வாங்குகிறார்கள். குழாய் வராத வீடுகளும் கட்டடங்களும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்ச, நிலம் அமுங்கி, வடக்கு ஜகார்த்தா கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. வெறும் பில் தொகையை மட்டும் பார்த்து இந்த இழப்பை அளக்க முடியாது.

அங்குள்ள தோழர்கள் சும்மா இருக்கவில்லை. பாம் ஜாயா தொழிற்சங்கத்தினர் தொடக்கம் முதலே எதிர்த்தார்கள். 2012-இல் குடிமக்களும் அமைப்புகளும் கூட்டணியாக வழக்குப் போட்டார்கள். 2015 மார்ச்சில் மத்திய ஜகார்த்தா மாவட்ட நீதிமன்றம் ஒப்பந்தங்கள் செல்லாது என்றது. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தண்ணீரைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுக்கச் சொன்னது. மறுசீராய்வில் 2018-இல் அதுவும் கவிழ்ந்தது. கடைசியில் ஒப்பந்தம் தன் காலம் முடிந்து, 2023 பிப்ரவரி 1 அன்றுதான் விநியோகம் பாம் ஜாயாவிடம் திரும்பியது. அதற்குள் இன்னொரு தனியார் நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் 2022-இலேயே தயாராகிவிட்டது. அந்தத் தோழர்களின் உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்களின் ஆறு ஆண்டு நீதிமன்றப் படிக்கட்டு நமக்கு ஒன்றை உரக்கச் சொல்கிறது: கையெழுத்துக்குப் பிறகு நீதிமன்றத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

மணிலாவைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கையாகப் பேசுங்கள். அங்கே நமக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், எதிர்த்தரப்பு மீதிப் பாதியைச் சொல்லி நம் வாயை அடைத்துவிடும். 1997 ஆகஸ்டில் மணிலாவும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு 25 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. கிழக்கு மண்டலத்தை எடுத்த அயாலா குழுமத்தின் மணிலா வாட்டர், கசிவை 63 சதவீதத்திலிருந்து 12 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தது. 24 மணி நேரத் தண்ணீர் நூற்றுக்கு 26 வீட்டில் இருந்தது, பிறகு ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்தது. இது உண்மை. மறைக்காதீர்கள். மீதி உண்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கன மீட்டருக்கு 8.78 பெசோ இருந்த கட்டணத்தை 2.32 பெசோவாகக் குறைப்பதாக ஏலம் கேட்டு உள்ளே வந்த நிறுவனம் அது. வந்த பிறகு கட்டணம் பல மடங்கு ஏறியது. கேட்ட அளவு உயர்த்த அரசு மறுத்தபோது, சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய் 2019 நவம்பரில் அரசு 739 கோடி பெசோ இழப்பீடு தரவேண்டும் என்று உத்தரவு வாங்கியது. அதே 2019 மார்ச்சில்தான் அந்தக் கிழக்கு மண்டலத்தில் குழாய்கள் வறண்டு, லட்சக்கணக்கான மக்கள் வாளியோடு தெருவில் நின்றார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் துதர்த்தே மிரட்டிய பிறகுதான் நிறுவனம் அந்தத் தொகையைக் கைவிட்டது. குடியரசுத் தலைவர் மிரட்டினால்தான் ஒரு நகரம் தப்பிக்க முடியும் என்றால் அதை நல்ல ஏற்பாடு என்று யாரும் சொல்லமுடியாது.

மேற்கு மணிலா? அங்கே லோபஸ் குடும்பத்தோடு கூட்டு வைத்து நுழைந்தது மறுபடியும் சூயஸ். பெசோவின் மதிப்பு விழுந்ததும், தலையில் ஏற்றுக்கொண்ட அந்நியக் கடனைச் சுமக்க முடியாமல், 2001-இல் அரசுக்குக் கட்டவேண்டிய தொகையை நிறுத்திவிட்டார்கள். 2002 முடிவில் ஒப்பந்தமே வேண்டாம் என்றார்கள். அரசு எடுத்துத் தூக்கி நிறுத்தி, வேறு முதலாளிகளுக்குத் திரும்ப ஏலம் விட்டது. லாபம் வந்தால் அவர்களுக்கு, நட்டம் வந்தால் நமக்கு என்று நாம் மேடையில் பேசுவோமே, அது அங்கே பைசா சுத்தமாக நடந்தது.

"அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். ஆசிய வளர்ச்சி வங்கி 2017-இல் ஒரு கணக்குப் போட்டது. வளரும் ஆசிய நாடுகளுக்கு 2016 முதல் 2030 வரை உள்கட்டமைப்புக்கு 26 லட்சம் கோடி டாலர் வேண்டும் என்று. அந்தப் பெரிய எண்ணைக் காட்டி, அரசிடம் பணம் இல்லை, தனியார் வந்தால்தான் ஆகும் என்பார்கள். ஆனால் தனியார் கொண்டுவரும் பணம் எங்கிருந்து வருகிறது? திருப்பூரைப் பாருங்கள். இந்தியாவிலேயே குடிநீரில் பெரிய அளவு தனியார் கூட்டுத் திட்டம் என்று கொண்டாடப்பட்டது அது. ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம், தமிழக அரசு, ஏற்றுமதியாளர் சங்கம் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம். ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்ச் செலவில், பவானிக்குக் கீழே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். பெரும்பகுதித் தண்ணீர் சாயப்பட்டறைகளுக்கு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், வாங்க ஆளில்லாமல் திட்டம் கடனில் தள்ளாடியது. அந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018-இல் 90,000 கோடிக்கும் மேற்பட்ட கடனோடு சரிந்து விழுந்தது. அதன் மிகப்பெரிய பங்குதாரர் யார்? எல்ஐசி. அதன் பத்திரங்களில் பணம் போட்டிருந்தவை எவை? தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதி அறக்கட்டளைகளும்தான். நம் பாலிசித் தொகையும் நம் பிஎஃப் பணமும் அவர்கள் கைக்குப் போய், தனியார் முதலீடு என்ற பெயரில் நம் ஊருக்கே திரும்பி வருகிறது. இதை வங்கி ஊழியர் சங்கத் தோழர்களும் எல்ஐசி தோழர்களும் நம் மேடையில் ஏறி விளக்கவேண்டும். அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். அதனால்தான் அதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேன்.

நம் ஊரில் நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? வாரத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை. எப்போது வரும் என்று தெரியாது. கோவைக்காரர் சிறுவாணியைச் சொல்லிப் பெருமைப்படுவார், வீட்டில் உப்புத் தண்ணீரில் பாத்திரம் கழுவுவார். ஒரு பெண் கூலி வேலையை விட்டுவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறாள். புது இணைப்புக்கு விண்ணப்பித்தவர் யார் யாரைப் பார்க்கவேண்டும் என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். செல்வாக்குள்ளவர் வீதியில் வால்வு இரண்டு மணி நேரம் திறந்திருக்கிறது, கடைசி வீதியில் குழாய் காற்றை மட்டும் ஊதிவிட்டு நிற்கிறது. இதையெல்லாம் அனுபவித்த ஒரு குடும்பத்திடம் போய்த் தனியார்மயத்தை எதிர்க்க வாருங்கள் என்றால், "இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி குடுக்கறேங்கறான், குடுக்கட்டுமே" என்றுதான் அந்தம்மா சொல்வார். அவர் மீது கோபப்பட நமக்கு உரிமை இல்லை. காலியான குடத்தின் மீதுதான் கம்பெனி தன் கட்டடத்தைக் கட்டுகிறது. அந்தக் குடத்தை நிரப்பும் போராட்டத்தை நாம் நடத்தாதவரை நம் எதிர்ப்பு ஊரின் காதில் விழாது.

அரசு அமைப்பாலேயே அதைச் செய்ய முடியும் என்பதற்கு ஆசியாவிலேயே சாட்சி இருக்கிறது. புனோம் பென். போரும் படுகொலையும் கடந்து எழுந்த கம்போடியாவின் தலைநகரம். 1993-இல் அங்கே நகர மக்களில் கால்வாசிப் பேருக்குத்தான் குழாய்த் தண்ணீர், அதுவும் நாளுக்குப் பத்து மணி நேரம். விட்ட தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வரவில்லை. ஊழியர்களில் சிலரே கள்ள இணைப்புக் கொடுத்தார்கள். நம் நகராட்சி எதுவும் அந்த நிலையில் இல்லை, தோழர்களே! அந்த ஆண்டு எக் சொன் சான் என்ற பொறியாளர் அரசுக் குடிநீர் வாரியத்தின் தலைமைக்கு வந்தார். கெமர் ரூஜ் படுகொலைக் காலத்தில் தன் குடும்பத்தை இழந்தவர். ஊழல் செய்தவர்களை வெளியேற்றினார், நேர்மையாக உழைத்தவர்களின் சம்பளத்தை உயர்த்தினார், இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பொறுப்புக் கொடுத்தார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் தவணையும் கொடுத்தார். அமைச்சகம் ஆனாலும் ராணுவம் ஆனாலும் பில் கட்டியாக வேண்டும் என்றார்.

ஒரு ராணுவ ஜெனரல் வீட்டில் ஊழியர்கள் நுழைய முடியவில்லை. சான் தானே போனார். ஜெனரல் அவர் தலையில் துப்பாக்கியை வைத்தார். சான் திரும்பி வந்து, ராணுவப் போலீஸாரையும் பத்திரிகையாளர்களையும் அழைத்துக்கொண்டு மறுபடி போய், அந்த இணைப்பைத் துண்டித்தார். ஜெனரல் பிறகு அலுவலகத்துக்கு வந்து சமாதானம் ஆனார். இருபது ஆண்டுக்குள் அந்த நகரத்தில் 24 மணி நேரத் தண்ணீர், பத்தில் ஒன்பது வீட்டுக்கு இணைப்பு, கசிவு 6 சதவீத அளவு. அது மணிலா வாட்டர் எட்டியதைவிடச் சிறந்த சாதனை. 2006-இல் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது. வெளிநாட்டு நன்கொடையும் ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கிக் கடனும் அதில் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. 2012-இல் 15 சதவீதப் பங்கைச் சந்தையில் விற்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டி எழுப்பிய காலம் முழுவதும் அது அரசு நிறுவனம், அரசு ஊழியர்கள். கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால் நகரமே வாங்கலாம், குழாயையும் நிர்வாகத்தையும் கால் நூற்றாண்டுக்கு எழுதிக் கொடுக்கவேண்டியதில்லை. சூயஸின் தாயகத்திலேயே, அதன் சொந்த ஊரான பாரிஸிலேயே, 25 ஆண்டு தனியார் ஒப்பந்தம் முடிந்ததும் 2010 ஜனவரியில் மாநகராட்சி தண்ணீரைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. தன் ஊர் மக்கள் வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைத்தான் எட்டு வருடம் கழித்துக் கோவைக்கு வந்து விற்றார்கள்.

ஆகவே செய்யவேண்டியதைப் பேசுவோம். முதலில் ஒப்பந்தம். எந்த ஊரில் கையெழுத்தாகியிருக்கிறதோ அங்கே முழு ஒப்பந்தமும் அதன் இணைப்புகளும், எந்த ஊரில் பேச்சு நடக்கிறதோ அங்கே விரிவான திட்ட அறிக்கையும் டெண்டர் ஆவணமும் நம் கைக்கு வரவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். "வணிக ரகசியம்" என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதே பிரிவில் பரந்த பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். ஒரு சங்கம் ஒரு மனுப் போட்டால் கோப்பில் தூங்கும். நூறு வீதியிலிருந்து நூறு பேர் போட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆவணம் கைக்கு வந்ததும் என்ன தேடுவது? கம்பெனியின் கூலி எந்தச் சூத்திரத்தில் ஏறுகிறது. மக்கள் கட்டும் தொகைக்கும் அதற்கும் இடைவெளி வந்தால் யார் கணக்கில் எழுதப்படும். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆண்டிலும் குறைந்தபட்சத் தொகை கொடுக்கவேண்டுமா. கம்பெனி தன் சொந்தப் பணத்தில் எவ்வளவு போடுகிறது, அரசு மானியம் எவ்வளவு. சொன்ன நாளில் 24 மணி நேரத் தண்ணீர் வராவிட்டால் அபராதம் என்ன, இதுவரை வசூலித்தார்களா. இடையில் நிறுத்தினால் யார் யாருக்கு எவ்வளவு. தகராறு வந்தால் வழக்கு நம் நீதிமன்றத்திலா, வெளிநாட்டு நடுவரிடமா. தெருவில் உள்ள பொதுக் குழாய் என்ன ஆகும். தற்போது வேலை செய்யும் தினக்கூலித் தோழரின் கதி என்ன. ஜகார்த்தாவும் மணிலாவும் இந்தக் கேள்விகளில்தான் மாட்டின. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், தணிக்கைத் துறையில் இருந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் எளிமையாக எழுதி, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டவேண்டும்.

அடுத்தது பகுதி சபை. 2022 நவம்பர் முதல் மாநகராட்சி வார்டுகளிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. இன்றுவரை அதை நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை. கவுன்சிலர் மேடையில் பேசி, நாலு பேர் மனுக் கொடுத்து முடிந்துவிடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வீதியே திரண்டு போகவேண்டும். "எங்கள் பகுதியின் தண்ணீரை எங்கள் ஒப்புதல் இல்லாமல் நீண்டகால ஒப்பந்தத்தில் கொடுக்கக்கூடாது. மாநகராட்சியே குறித்த நேரத்தில் தண்ணீர் விடவேண்டும், அதற்கு ஆளும் நிதியும் ஒதுக்கவேண்டும்" என்று தீர்மானம் எழுதி, மினிட் புத்தகத்தில் ஏற்றாமல் யாரும் எழுந்து வரக்கூடாது.

மூன்றாவது வேலை நம்முடையது மட்டுமே. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினால் மேட்டு வீதிக்கு அழுத்தம் கிடைக்கும், எந்த ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப் எந்தச் சாக்கடைக்கு அடியில் போகிறது, எங்கே பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து நிற்கிறது, எங்கே கள்ள இணைப்பு இருக்கிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் முழுதாக இல்லை. அது நம் மூத்த தோழர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடங்களை நிரப்பாமல் விட்டு, பிறகு "மாநகராட்சிக்குத் திறமை இல்லை" என்று காரணம் காட்டுகிறார்கள். ஆகவே வார்டு வார்டாக ஒரு நோட்டுப் போடுங்கள். வால்வு இருக்கும் இடம், திறக்கும் நேரம், கசிவு, கடைசி வீட்டுக்கு வரும் அளவு. இளைய தோழர்களைக் கூட அழைத்துப்போய்க் காட்டுங்கள். இந்த நோட்டு கையில் இருந்தால் "குறைந்த செலவில், இத்தனை ஆட்களோடு, இந்தக் கசிவுகளை அடைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடலாம்" என்று ஒரு மாற்றுத் திட்டத்தை நாமே மேயர் மேசையில் வைக்க முடியும். மாற்றுத் திட்டம் இல்லாத எதிர்ப்பைப் பூசி மெழுகி அனுப்பிவிடுவார்கள்.

அதோடு, கைநீட்டும் பழக்கம் நம் துறையில் எங்கெல்லாம் இருக்கிறதோ அதை நாமே நிறுத்தவேண்டும். இணைப்புக்குப் பணம் கேட்பவர் எந்தச் சங்கத்து உறுப்பினராக இருந்தாலும் சங்கம் அவருக்குத் துணை போகக்கூடாது. இதில் தயவு தாட்சண்யம் காட்டினால் வீதியில் நம் முகத்தைக் காட்ட முடியாது.

சென்னையில் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, மழையிலும் வெயிலிலும், பெரும்பாலும் பெண்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்துச் சென்று பேருந்தில் ஏற்றியது. அவர்கள் சுத்தம் செய்த வீதிகளில் வசிக்கும் லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்த இரவில் ரிப்பன் மாளிகை முன்பு அவர்களோடு நின்றிருந்தால் அந்தப் பேருந்துகள் வந்திருக்குமா? நம் தண்ணீர்த் தொழிலாளி ஒருநாள் அப்படித் தனியாக உட்காரும் நிலை வரக்கூடாது. குழாயடியில் நிற்கும் பெண்கள் அவருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும். அது நடக்கவேண்டுமானால் அவர்களுடைய குடத்துக்காக நாம் இன்றே உட்காரவேண்டும்.

தகவல் உரிமை மனுவின் மாதிரிப் படிவமும் வார்டு நோட்டும் அச்சடித்துக் கிளை அலுவலகங்களில் வைத்திருக்கிறோம். காலை ஷிப்ட் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தோழருக்கு எழுதித் தர ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வீதியிலிருந்து ஒரு குடும்பத்தையாவது அழைத்து வாருங்கள். தண்ணீர் கடைசியாக எட்டும் வீட்டுக் குடும்பமாக இருக்கட்டும். கூட்டத்தில் முதலில் பேசப்போவது அவர்கள்தான்.